கிறிஸ்துமஸ் பாட்லக்குக்குக் காய்கறித் தட்டும் டிப்பும்: முந்தின நாளே எதுவரை செய்து வைக்கலாம்?

மருதாணி எழுதியது:

வணக்கம் தோழிகளே. நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். வரும் சனிக்கிழமை சாயங்காலம் கணவரின் அலுவலக நண்பர் வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்லக். 25 பேர் வருகிறார்கள். பாதிப் பேர் நம்மவர்கள், மீதி அமெரிக்கர்கள், பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியலில் பிரியாணி, கேக் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. நான் ஆசைப்பட்டேதான் காய்கறித் தட்டும், அதை முக்கிச் சாப்பிட டிப்பும் என்று பெயர் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் நின்றுகொண்டே பேசும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கைக்கு ஏதாவது வேண்டும், அது எண்ணெய்ப் பலகாரமாக இல்லாமல் பார்க்கவும் பண்டிகையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கதவில் மாட்டுவார்களே பச்சை ரீத், அந்த மாதிரி ப்ரோக்கோலியை வட்டமாக அடுக்கி, நடுவில் டிப் கிண்ணம், ஆங்காங்கே செர்ரி தக்காளி என்று திட்டம். சந்தேகங்கள் இவைதான். எந்தக் காயைப் பச்சையாக வைப்பது, எதை லேசாக வேகவைப்பது? எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை ராத்திரியே நறுக்கி வைத்தால் வாடிப்போகுமா? டிப்புக்கு மயோனைஸ், முட்டை வேண்டாம், வருகிறவர்களில் சிலர் முட்டைகூடச் சாப்பிடாத சுத்த சைவம். அப்புறம் 25 பேருக்கு எவ்வளவு வாங்குவது? காரில் 40 நிமிடம் போக வேண்டும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

---

அடுப்படி எழுதியது:

மருதாணி, டிப்பைப் பற்றி இங்கே நிறையப் பேர் சொல்வார்கள், நான் காயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தட்டு காலியாவதும் அப்படியே கிடப்பதும் காயை எப்படித் தயார் பண்ணுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. கடை ட்ரேயில் ப்ரோக்கோலி பச்சையாகத் தொண்டையை அடைக்கும், கேரட் மேலெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். இரண்டையும் வீட்டில் சுலபமாகத் தவிர்க்கலாம்.

முதலில் ப்ரோக்கோலி. பெரிய பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி உப்பு, நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரே அளவாகப் பிரித்த பூக்களைப் போட்டு 45 வினாடி, போனால் ஒரு நிமிடம். உடனே அரித்தெடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுங்கள். பாத்திரத்தை மூடாதீர்கள். கொதிநீர் பட்டதும் காய்க்குள் இருக்கும் காற்று வெளியேறுவதால்தான் பச்சை அப்படிப் பளிச்சென்று ஏறுகிறது. அதற்கு மேல் விட்டால் காயில் இருக்கும் அமிலமே பச்சையத்தில் உள்ள மெக்னீசியத்தை வெளியேற்றி நிறத்தை மங்கவைத்துவிடும். திறந்து வைத்தால் அந்த அமிலத்தில் கொஞ்சம் ஆவியோடு போய்விடும். இதே காரணத்துக்காக அடுக்கிய ப்ரோக்கோலி மேல் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டாம், கொஞ்ச நேரத்தில் ரீத் பழுப்பேறிவிடும். எலுமிச்சை டிப்பில் இருந்தால் போதும்.

இதற்கு அடுத்த வேலையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ப்ரோக்கோலிப் பூவின் மொட்டுகளுக்கு நடுவே தண்ணீர் ஒளிந்துகொள்ளும். மேலே தொட்டால் காய்ந்தது மாதிரி இருக்கும், டிப்பில் முக்கும்போது அந்தத் தண்ணீர் இறங்கி, பத்துப் பேர் முக்குவதற்குள் கிண்ணத்தில் டிப் நீர்த்துப்போகும். அதனால் பருத்தித் துண்டை விரித்து ஒவ்வொரு பூவையும் தண்டு மேலே இருக்கும்படி கவிழ்த்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஒன்றை எடுத்துக் கையில் தட்டிப் பாருங்கள், ஒரு துளிகூடத் தெறிக்கக் கூடாது. சாலட் சுழற்றும் கூடை இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அப்புறம் டப்பாவின் அடியில் பேப்பர் டவல் விரித்து அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளி ராத்திரி செய்தது சனி சாயங்காலம் வரை அப்படியே இருக்கும்.

பீன்ஸ் வைப்பதாக இருந்தால் அதே தண்ணீரில் 2 நிமிடம். தோலோடு சாப்பிடும் பட்டாணியான ஸ்னாப் பீஸுக்கு அரை நிமிடம் போதும், நார் உரித்துவிடுங்கள். காலிஃபிளவரைப் பச்சையாகவே வைக்கலாம் என்பார்கள், நான் நம்மூர் வழக்கப்படி வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் துளி மஞ்சளும் போட்டு பத்து நிமிடம் வைத்து, அலசி, அப்புறம் ஒரு நிமிடம் கொதிநீரில் காட்டித்தான் வைப்பேன். மஞ்சள் அதிகமானால் வெள்ளை போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரட், செலரி, சிவப்பு முள்ளங்கி மூன்றும் பச்சையாகத்தான் நன்றாக இருக்கும். முந்தின நாளே விரல் நீளத்துக்கு நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் முழுக வைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கேரட் வெளுப்பதற்குக் காரணம் நறுக்கிய மேற்பரப்பு உலர்ந்துபோவதுதான், தண்ணீரில் இருந்தால் அது வராது. செலரி இன்னும் நறுக்கென்று ஆகும். பேபி கேரட் பையை வாங்காமல் முழுக் கேரட் வாங்கி நீங்களே நறுக்குங்கள், இனிப்பு கூடுதலாக இருக்கும்.

குடைமிளகாயைத் தண்ணீரில் போடக் கூடாது. நறுக்கி, துடைத்து, பேப்பர் டவல் போட்ட டப்பாவில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். வெள்ளரிக்காய் மட்டும் சனிக்கிழமையே நறுக்குங்கள், முடிந்தால் குட்டியாக வரும் பெர்ஷியன் வெள்ளரி, அதில் விதையும் நீரும் குறைவு.

அளவு: இரவுச் சாப்பாடு பின்னால் வருவதால் ஆளுக்குக் கால் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்து மொத்தம் 5 முதல் 6 பவுண்டு காய் போதும். அதில் ப்ரோக்கோலியே பெரிய பூவாக மூன்று வேண்டும், வட்டம் நிரம்ப வேண்டுமே.

---

மோர்மிளகாய் எழுதியது:

காயைப் பற்றி அடுப்படி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நான் டிப்புக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் காய்கறித் தட்டு என்றாலே பக்கத்தில் ராஞ்ச் இருக்கும், பிள்ளைகள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். ஸ்டீவ் ஹென்சன் என்பவர் 1954இல் கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பக்கம் ஒரு பண்ணை வாங்கி அதற்கு ஹிடன் வேலி ராஞ்ச் என்று பெயர் வைத்து, அங்கே வருகிற விருந்தினர்களுக்குப் பரிமாறிய டிரெஸ்ஸிங் அது. பிறகு பொடியாகப் பொட்டலம் போட்டுத் தபாலில் விற்றார்கள், வாங்கியவர்கள் மோரும் மயோனைஸும் சேர்த்துக் கலக்கிக்கொள்வார்கள். 1972இல் க்ளோராக்ஸ் கம்பெனி அதை வாங்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதன் ருசிக்கு அடிப்படையே மோரின் புளிப்புதான். நம் வீட்டுத் தயிரில் அந்தப் புளிப்பு ஏற்கெனவே இருக்கிறது. முட்டை இல்லாமல் செய்வதற்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

முழுக் கொழுப்புத் தயிர் 32 அவுன்ஸ் டப்பா ஒன்று, அதாவது 900 கிராம் சொச்சம். மல் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜிலேயே ராத்திரி முழுக்க விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும். காலையில் பாதிக்குப் பாதி கெட்டியாகக் கிடைக்கும், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாத பதம். நேரம் இல்லையென்றால் கிரேக்கத் தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். இதோடு ஒரு கப் சவர் கிரீம், வெங்காயப் பொடி ஒன்றரை தேக்கரண்டி, பூண்டுப் பொடி முக்கால் தேக்கரண்டி, உலர்ந்த டில் இலை 2 தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி ஒரு கைப்பிடி, மிளகுத்தூள், உப்பு, அரை மூடி எலுமிச்சை. கலக்கி மூடிக் குறைந்தது 2 மணி நேரம் வைக்க வேண்டும். கலந்தவுடனே ருசி பார்த்தால் மொட்டையாகத்தான் இருக்கும், உலர்ந்த இலையும் பொடியும் ஊறி இறங்கிய பிறகு பாருங்கள். உப்பைக் கடைசியில் சரிபாருங்கள்.

பச்சை வெங்காயமும் பச்சைப் பூண்டும் போட வேண்டாம். ஒரு ராத்திரி இருந்தால் காரமேறி மற்ற ருசியையெல்லாம் அமுக்கிவிடும். இந்த ஒரு இடத்தில் பொடிதான் சரி.

சுத்த சைவக்காரர்கள் வருவதால் டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். சில கம்பெனித் தயிரிலும் சவர் கிரீமிலும் கெட்டிப்படுவதற்கு ஜெலட்டின் சேர்க்கிறார்கள், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கடையில் விற்கும் ராஞ்சில் பெரும்பாலும் முட்டை மஞ்சள் கரு இருக்கும். வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் இருக்கும், டிப் குறிப்புகளில் அது அடிக்கடி வரும், விட்டுவிடுங்கள்.

ஆளுக்கு 2 மேசைக்கரண்டி என்றால் 25 பேருக்கு 50, ஒரு கப்புக்கு 16 மேசைக்கரண்டி, ஆக 3 கப்புக்குச் சற்றே கூடுதல். மேலே சொன்ன அளவில் ஏறக்குறைய அவ்வளவு வரும். இரண்டாவதாக ஒன்று வேண்டுமானால் இதிலேயே ஒரு கப்பைப் பிரித்து, வேகவைத்த ஒரு சின்ன பீட்ரூட்டை மையாக அரைத்துக் கலந்துவிடுங்கள். அந்தச் சிவப்பு பச்சை ரீத் நடுவில் அவ்வளவு அழகாக இருக்கும், உணவுச் சாயமே தேவையில்லை. நம்மவர்களுக்கு அதில் ஒரு சிட்டிகை வறுத்த சீரகப்பொடி. பச்சை மிளகாய் சேர்த்தால் கிண்ணத்தின் முன்னால் சின்னச் சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

---

தாளிசபத்திரி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி இவ்வளவு வேலையா? நான் சொல்வது, கடையில் நறுக்கிக் கழுவி வரும் பைகளை வாங்கி, வீட்டில் அழகாக அடுக்கினால் போதும். நேரத்தை அடுக்குவதில் செலவழியுங்கள். கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மஸும் நல்லதாகவே கடையில் கிடைக்கிறது.

---

அடுப்படி எழுதியது:

ப்ரோக்கோலிப் பை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை தாளிசபத்திரி, அதையும் அந்த ஒரு நிமிடம் கொதிநீரில் காட்டிவிட்டால் சரியாகிவிடும். ஆனால் கேரட்டும் குடைமிளகாயும் நறுக்கி வருவதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. விலையும் கூடுதல், ஓரமெல்லாம் உலர்ந்திருக்கும். இருவர் உட்கார்ந்தால் கேரட்டும் செலரியும் நறுக்க இருபது நிமிடம் ஆகுமா? கணவரையும் கூப்பிட்டுக்கொள்ளட்டும், அவர் நண்பர் வீட்டு விருந்துதானே.

ஹம்மஸ் கொண்டுபோவதற்கு முன் எள் ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள் மருதாணி. அதில் தாஹினி, அதாவது எள் விழுது இருக்கிறது. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்த்து லேபிளில் போட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கடை டப்பாவில் எழுதியிருக்கும், கிண்ணத்துக்கு மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது.

---

மருதாணி எழுதியது:

எவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்கிறீர்கள், ரொம்ப நன்றி. விசாரித்தேன், ஒரு பையனுக்கு எள் ஒவ்வாமை இருக்கிறதாம். ஹம்மஸ் வேண்டாம், தயிர் டிப்பும் பீட்ரூட் டிப்பும்தான். இன்னும் இரண்டு கேள்விகள். தட்டை வீட்டிலேயே அடுக்கி எடுத்துப் போவதா, அங்கே போய் அடுக்குவதா? விருந்து நாலைந்து மணி நேரம் நடக்கும், டிப்பை அவ்வளவு நேரம் வெளியே வைக்கலாமா?

---

பனங்கூடல் எழுதியது:

தங்கச்சி, நான் ரொறன்ரோவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். இங்கேயும் டிசம்பரில் எந்த வீட்டுக்குப் போனாலும் மரக்கறித் தட்டு இருக்கும், எங்கள் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஒளிவிழாவுக்கு நாங்கள்தான் செய்வது.

அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பிரேக் போட்டால் வட்டம் ஒரு பக்கம் சரிந்துவிடும், ப்ரோக்கோலியும் தக்காளியும் டிப்புக்குள் கிடக்கும். ஒவ்வொரு மரக்கறியும் தனித்தனிப் பெட்டியில், டிப் இறுக்கமான மூடி போட்ட பெட்டியில், வெறும் தட்டும் கிண்ணமும் வேறாக. கரட், செலரியைப் புறப்படும் முன் வடித்துத் துடைத்து ஈரத் துண்டால் மூடிக் கொண்டுபோங்கள். அங்கே போய் அடுக்கக் கால் மணித்தியாலம் போதும், பிள்ளைகளையும் கூப்பிட்டால் தக்காளி வைக்க ஓடி வருவார்கள். வெளியே குளிர் என்று காரிலேயே மணித்தியாலக் கணக்கில் விட்டுவிடாதீர்கள், வெள்ளரிக்காய் உறைந்தால் பிறகு தொய்ந்து தண்ணீராக ஓடும்.

அடுக்கும் முறை: தட்டின் மேல் மெல்லிய ஈரமான பேப்பர் டவல், அதன் மேல் கேல் இலை அல்லது லெட்டூஸ் பரப்புங்கள், மரக்கறி வழுக்காது. முதலில் நடுவில் கிண்ணம். பிறகு வெளிவட்டம், பூக்கள் வெளியே பார்க்க, தண்டு உள்ளே. அடுத்தது உள்வட்டம், பூக்கள் கிண்ணத்தைப் பார்க்க. இரண்டுக்கும் நடுவில் தெரிகிற தண்டுகளை மறைக்க மூன்றாவதாக மேலே ஒரு வரிசை, அப்போதுதான் ரீத் உப்பி நிற்கும். ஒரே வரிசையாக வைத்தால் தட்டையாகத் தெரியும். காலிஃபிளவரைச் சின்னச் சின்னதாக இடையில் செருகினால் பனி விழுந்தமாதிரி இருக்கும். தக்காளி மூன்று மூன்றாகச் சேர்த்து வையுங்கள். சிவப்புக் குடைமிளகாயில் அகலமான துண்டுகள் வெட்டிக் கீழே ரிப்பன் முடிச்சு மாதிரி ஒரு போ (bow) வைக்கலாம், மஞ்சளில் பிஸ்கட் அச்சால் நட்சத்திரம் வெட்டலாம். கரட், செலரி, போஞ்சியை (பீன்ஸை) தட்டில் திணிக்காமல் பக்கத்தில் உயரக் குவளைகளில் நிற்க வைத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்காமல் கேளுங்கள். அலங்காரத்துக்கு என்று ஹோலிக் கிளையும் மிஸல்டோவும் கடைகளில் விற்பார்கள், அவற்றைச் சாப்பாட்டுத் தட்டில் வைக்கவே கூடாது, அந்தப் பழங்கள் நஞ்சு. பிள்ளைகள் சிவப்பாகக் கண்டால் வாயில் போட்டுவிடுவார்கள். பச்சைக் கொப்பு வேண்டுமென்றால் ரோஸ்மேரி வையுங்கள், வாசமும் வரும்.

சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் தட்டில் செர்ரி தக்காளியை முழுதாக வைக்க வேண்டாம். தொண்டையில் சிக்கும் அளவு அது. அவர்களுக்கு நீளவாக்கில் நாலாக வெட்டித் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். பல்குச்சியும் குத்த வேண்டாம்.

டிப் விஷயம்: 4 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். அதனால் வெளியே 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதுதான் கனடாவிலும் அமெரிக்காவிலும் சொல்கிற கணக்கு. பெரிய கிண்ணத்தில் ஐஸ் போட்டு அதற்குள் டிப் கிண்ணத்தை இறக்கி வையுங்கள், ஐஸ் உருகினால் மாற்றுங்கள். அதைவிட நல்லது, மொத்த டிப்பையும் ஒரேயடியாக வைக்காமல் பாதியை அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, முதல் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் புதுக் கிண்ணமாக வைப்பது. பழையதன் மேல் புதியதை ஊற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு கரண்டியும் சின்னத் தட்டுகளும் இருந்தால் தங்கள் தட்டில் போட்டுக்கொள்வார்கள், கடித்ததைத் திரும்ப முக்கும் கதை இருக்காது.

---

மோர்மிளகாய் எழுதியது:

பனங்கூடல் சொன்ன இரண்டு கிண்ண யோசனைக்கு என் ஓட்டு. பீட்ரூட் டிப்பைக் கொஞ்சம் கெட்டியாகவே செய்யுங்கள், அரைக்கும்போது தண்ணீர் விட வேண்டாம். தயிர் டிப்பில் மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் பயப்பட வேண்டாம், கலக்காமல் ஓரமாகச் சாய்த்து வடித்துவிட்டு அப்புறம் கிண்டுங்கள்.

---

மருதாணி எழுதியது:

குறித்துக்கொண்டேன் அக்கா. ஹோலிக் கிளை வாங்கி வைத்திருந்தேன், அது கதவுக்குப் போகட்டும். கடைசியாக ஒன்று, மிச்சமானால் என்ன செய்வது? மூன்று ப்ரோக்கோலியின் தண்டும் அப்படியே கிடக்குமே, தூக்கிப் போட மனசு வரவில்லை.

---

அடுப்படி எழுதியது:

தூக்கிப் போடாதீர்கள், பூவைவிடத் தண்டு இனிப்பு. மேல்தோலைக் கத்தியால் நன்றாக இழுத்துச் சீவிவிடுங்கள், நார் அதில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் வெளிர்ப்பச்சைப் பாகத்தைப் பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்து, அஞ்சு நிமிடம் வதக்கித் தேங்காய்த் துருவல் போட்டால் அருமையான பொரியல். இதை வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் சாப்பாட்டுக்கே வைத்துக்கொள்ளலாம், தனியாக ஒரு சமையல் மிச்சம்.

விருந்தில் மேசை மேல் ரொம்ப நேரம் இருந்த டிப்பை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அதை அங்கேயே கொட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுக்காத பாதி மிஞ்சினால் மூன்று நான்கு நாளைக்குள் சாண்ட்விச்சுக்குத் தடவிக்கொள்ளலாம். பெட்டியில் மிஞ்சிய காயெல்லாம் ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்கு. ப்ரோக்கோலி ஏற்கெனவே பாதி வெந்தது, அதை மட்டும் அடுப்பை அணைக்கும் முன் சேருங்கள்.